ரோனா - ரஜுலாவின் கூடப்பிறந்த கப்பல்

'ரஜுலா' என்ற பெயரைத் தஞ்சாவூர், நாகப்பட்டினம், புதுக்கோட்டை, காரைக்குடிப் பக்கம் வயதானவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பாதிப் பேருக்காவது முகம் மாறும். "எங்கப்பா அதுலதான் மலாயா போனார்" என்பார் ஒருவர். "அதுல வந்த டிரங்குப் பெட்டி இன்னும் பரண் மேல இருக்கு" என்பார் இன்னொருவர். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று வருடக்கணக்காகப் போய் வந்த கப்பல் அது. தமிழர்களின் குடும்பக் கதைகளில் ரஜுலாவுக்கு இருக்கும் இடம் வேறு எந்தக் கப்பலுக்கும் கிடையாது என்று தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் ரஜுலா தனியாகப் பிறக்கவில்லை. அதே ஆண்டு, அதே கம்பெனிக்காக, அதே வழித்தடத்துக்காக இன்னொரு கப்பலும் கட்டப்பட்டது. அதன் பெயர் ரோனா. ரஜுலாவை இத்தனை பேர் நினைவில் வைத்திருக்கும்போது ரோனாவை ஏன் யாருக்கும் தெரியவில்லை? அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் அது மத்தியதரைக் கடலின் அடிக்குக் கொண்டுபோய் விடுகிறது.

இது அந்தக் கப்பலின் கதை. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஐயாயிரம் பேர் ஏறும் கப்பல்

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி என்பது அந்தக் காலத்தில் இந்தியப் பெருங்கடலின் பஸ் சர்வீஸ் மாதிரி. சுருக்கமாக 'பி.ஐ.' என்பார்கள். ரங்கூன், பினாங்கு, மொம்பாசா, பாஸ்ரா என்று எங்கே போக வேண்டுமென்றாலும் பி.ஐ. கப்பல்தான். 1926-ம் ஆண்டு இந்தக் கம்பெனி இரண்டு கப்பல்களை இறக்கியது. ரஜுலா ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் பட்டறையில் கட்டப்பட்டது. ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் ஹாதார்ன் லெஸ்லி பட்டறையில் கட்டப்பட்டது. ரோனா என்பது பழைய பஞ்சாபில், இன்றைய ஹரியானாவின் சோனிபத் பக்கத்தில் இருக்கும் ஒரு கிராமத்தின் பெயர்.

நீளம் சுமார் 461 அடி, மொத்தக் கொள்ளளவு 8,602 டன். இன்றைய கணக்கில் இது பெரிய கப்பல் இல்லை. ஆனால் அது ஏற்றிச்சென்ற கூட்டம்தான் ஆச்சரியம். கேபினில் படுத்துப் போக வசதி இருந்தது சில நூறு பேருக்கு மட்டும். டெக் பயணிகளோ ஐயாயிரத்துக்கும் மேல்! டெக் பயணி என்றால் கட்டில் கிடையாது, அறை கிடையாது. இரும்புத் தளத்தில் பாயை விரித்து, தலைமாட்டில் மூட்டையை வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் படுக்கிறார்களோ அவர்களோடு போய்ச் சேர வேண்டியதுதான்.

யார் இந்த ஐயாயிரம் பேர்? ரப்பர் தோட்டத்துக்குக் கங்காணி அழைத்துப்போன கூலிகள், ரயில்வே வேலைக்குப் போனவர்கள், வட்டிக்கடைக்குப் போன நகரத்தார் வீட்டுப் பையன்கள், மளிகைக் கடை வைக்கப் போன ராவுத்தர்கள், மரைக்காயர்கள், புருஷனைத் தேடிப் போன பெண்கள். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். அலை ஆடும்போது படகிலிருந்து கப்பல் ஏணிக்குத் தாவுவதுதான் பலருக்கு வாழ்க்கையின் முதல் கடல் அனுபவம்.

ரப்பர் விலை ஏறினால் கப்பல் நிறைந்து கிழக்கே போகும். விலை விழுந்தால் நிறைந்து மேற்கே திரும்பும். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது தோட்டங்கள் ஆட்களைக் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பின. 1938 ஜூனில் மலாயாவுக்குக் கூலிகளை அனுப்புவதை இந்திய அரசே தடை செய்தது. பொருளாதாரப் பாடத்தில் 'தேவை, அளிப்பு' என்று இரண்டு கோடுகளாக வரைகிறார்களே, அந்தக் கோடுகள் மனிதர்களாக ஏறி இறங்கிய இடம் இந்தக் கப்பலின் தளம்.

கப்பலை ஓட்டியவர்கள்

கப்பலில் பயணி மட்டுமா இருப்பார்கள்? கேப்டனும் அதிகாரிகளும் பிரிட்டன், ஆஸ்திரேலியா பக்கத்து வெள்ளைக்காரர்கள். மற்ற எல்லா வேலைக்கும் இந்தியர்கள். இவர்களை 'லஸ்கர்' என்பார்கள். நம் ஊரில் பொதுப்பணித் துறையில் மதகு திறந்து மூடும் ஊழியரையும் லஸ்கர் என்றுதான் சொல்வார்கள். அதே சொல்தான்.

லஸ்கர்களுக்குள்ளும் அடுக்குகள் உண்டு. தலைவர் 'சாரங்'. அவருக்குக் கீழே 'தண்டல்'. அப்புறம் கலாசிகள். சமையலுக்குப் 'பண்டாரி'. கீழே கொதிக்கிற எஞ்சின் அறையில் கரி அள்ளி நெருப்புப் போட ஒரு தனிக் கூட்டம். பொதுவாக பி.ஐ. மாதிரி கம்பெனிகளில் தளத்து வேலைக்கு சிட்டகாங், நோவகாளி, ரத்தினகிரி, குஜராத் கரையிலிருந்து ஆட்கள் வருவார்கள். எஞ்சின் அறைக்கு சில்ஹெட், பஞ்சாப் பக்கத்து ஆட்கள். சாப்பாடு பரிமாற கோவாக்காரர்கள். சாரங்தான் தன் ஊரிலிருந்து ஆள் பிடித்து வருவார். பல பேர் அவரிடமே கடன் வாங்கி, அதை அடைக்கக் கப்பலேறியவர்கள்.

சம்பளம்? ஒரே கப்பலில், ஒரே வேலைக்கு, வெள்ளைக்கார மாலுமி வாங்குவதில் நாலில் ஒரு பங்கு அளவுதான். சில வேலைகளுக்கு அதையும்விடக் குறைவு. படுக்க இடமும் அப்படியே. ஒரு ஐரோப்பிய மாலுமிக்குச் சட்டம் நிர்ணயித்த இடத்தில் பாதிகூட லஸ்கருக்குக் கிடையாது. கம்பெனியின் லாபக் கணக்கில் இதெல்லாம் 'செலவு குறைப்பு' என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

1939 செப்டம்பரில் போர் தொடங்கியதும் இந்த மாலுமிகள் ஒரு காரியம் செய்தார்கள். "குண்டு எங்கள் தலையிலும்தான் விழும், சம்பளத்தை ஏற்று" என்று பல நாட்டுத் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். ஆனாலும் சம்பளம் ஓரளவு ஏறியது. கோழைகள், சொன்னதைக் கேட்கிற ஆட்டுமந்தை என்று இவர்களைப் பற்றிப் பேசப்பட்டதற்கு நடுவில் இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

பாய் போய் துப்பாக்கி வந்தது

1940-ல் அரசு ரோனாவைப் போர் வேலைக்கு எடுத்துக்கொண்டது. படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாற்றினார்கள். பெயருக்கு முன்னால் எச்.எம்.டி. என்ற மூன்று எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. சாம்பல் வண்ணம் பூசினார்கள். பீரங்கிகளை ஏற்றி, அவற்றை இயக்கத் தனி ஆட்களை அமர்த்தினார்கள். தமிழ்க் கூலிகள் பாய் விரித்த இடத்தில் வீரர்களுக்கு ஹாமக் என்கிற தொட்டில் படுக்கைகளைத் தொங்கவிட்டார்கள். கப்பலில் வேலை செய்தவர்கள் மட்டும் மாறவில்லை. அதே சாரங், அதே தண்டல், அதே கலாசிகள்.

ரஜுலாவும் இதே மாதிரி படைக்கப்பல் ஆனது. சென்னைத் துறைமுகத்தில் அக்கா தங்கை மாதிரி மாறி மாறி வந்து போன இரண்டும் போருக்குப் போயின.

1943 நவம்பர் 24, 25 தேதிகள். இடம் வட ஆப்பிரிக்காவில் அல்ஜீரியாவின் ஓரான் துறைமுகம். சுமார் இரண்டாயிரம் அமெரிக்க வீரர்கள் ரோனாவில் ஏறினார்கள். பெரும்பாலோர் சண்டை போடும் காலாட்படை அல்ல. விமானத் தளம் அமைக்கும் 853-வது பொறியியல் பட்டாலியன் ஆட்கள், தந்திக் கம்பி இழுக்கும் பிரிவினர், மருத்துவப் பிரிவினர், கூடவே செஞ்சிலுவைச் சங்கத்தவர் சிலர். இவர்கள் போக வேண்டிய இடம் இந்தியா. சூயஸ் வழியாக பம்பாய், அங்கிருந்து பர்மா, சீனப் போர்முனைக்கு உதவும் வேலை. பத்தொன்பது, இருபது வயதுப் பையன்கள்தான் அதிகம். இன்று காலேஜில் உட்கார்ந்து அட்டெண்டன்ஸுக்குக் கவலைப்படுகிற வயது!

25-ம் தேதி அமெரிக்கர்களுக்கு 'தேங்க்ஸ்கிவிங்' பண்டிகை. வீட்டில் இருந்தால் வான்கோழி விருந்து. கப்பலில் கிடைத்ததோ வாயில் வைக்க முடியாத சாப்பாடு. உயிர் தப்பியவர்கள் ஐம்பது வருடம் கழித்துப் பேசியபோதும் அந்தச் சாப்பாட்டை மறக்கவில்லை. கப்பல் பழசாக இருந்தது, துருப்பிடித்திருந்தது, நாற்றம் அடித்தது என்றெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. பதினேழு வருடம் உப்புக்காற்றில் ஓடிய கப்பல். கட்டும்போது அதற்குக் கிடைக்கும் என்று எதிர்பார்த்த பயணிகளும் வேறு மாதிரியானவர்கள், புகார் சொல்ல வழியில்லாதவர்கள்.

அன்று ரோனா ஓரானிலிருந்து கிளம்பி, பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த கே.எம்.எஃப். 26 என்ற கப்பல் அணிவகுப்பில் சேர்ந்துகொண்டது. கேப்டன் தாமஸ் மர்ஃபி, ஆஸ்திரேலியாக்காரர்.

நவம்பர் 26, மாலை

மறுநாள் வெள்ளிக்கிழமை. அல்ஜீரியாவின் பூஜி நகருக்கு வடக்கே கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. இன்று அந்த ஊரின் பெயர் பெஜாயா. மாலை நாலரை மணி வாக்கில் ஜெர்மன் விமானங்கள் வந்தன. ஹெயின்கெல் 177 என்ற நீண்ட தூர குண்டுவீச்சு விமானங்கள் அவை. பிரான்சின் போர்தோ பக்கத்திலிருந்து கிளம்பி வந்தவை.

அவை கொண்டுவந்தது சாதாரண குண்டு அல்ல. ஹெச்எஸ் 293 என்று பெயர். குட்டி விமானம் மாதிரி இறக்கை வைத்த, வயிற்றில் ராக்கெட் மோட்டார் பொருத்திய, சுமார் ஒரு டன் எடையுள்ள குண்டு. விமானத்திலிருந்து விட்டதும் அதன் வாலில் ஒரு விளக்கு எரியும். விமானத்தில் உட்கார்ந்திருப்பவர் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே, கையில் இருக்கும் சின்னக் குச்சியை இப்படி அப்படி அசைப்பார். வானொலி அலை வழியாகக் குண்டு அதற்கேற்பத் திரும்பும். வீடியோ கேம் மாதிரி என்று சொன்னால் புரிந்துவிடும். இன்றைய ஏவுகணைகளுக்கு எல்லாம் தாத்தா. அதே ஆண்டு ஆகஸ்ட் 27-ம் தேதி பிஸ்கே வளைகுடாவில் 'எக்ரெட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை இந்தக் குண்டுதான் மூழ்கடித்தது. ஏவுகணைக்குப் பலியான முதல் போர்க்கப்பல் அது.

அன்று மாலை டஜன் கணக்கில் இந்தக் குண்டுகளை விட்டார்கள். காவல் கப்பல்களும் விமானங்களும் கடுமையாக எதிர்த்ததில் கிட்டத்தட்ட எல்லாமே கடலில் விழுந்தன. ஒன்றே ஒன்று தவறவில்லை. ஐந்தேகால் மணி வாக்கில் அது ரோனாவின் இடது பக்கத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் எஞ்சின் அறைப் பக்கத்தில் வெடித்தது.

அடித்த இடம் அப்படி. எஞ்சின் நின்றது. மின்சாரம் போனது. தண்ணீரை வெளியேற்றும் பம்புகள் நின்றன. கீழே இருந்த வீரர்களில் நூற்றுக்கணக்கானவர்கள் அந்த நிமிஷத்திலேயே இறந்தார்கள். அந்த நேரம் எஞ்சின் அறையில் வேலையில் இருந்த இந்தியர்களுக்கும் தப்ப வழியில்லை.

கப்பலில் 22 உயிர்காப்புப் படகுகள். அத்தனை பேருக்கும் அவை போதாது, மீதிப் பேருக்கு மிதவைத் தெப்பங்கள். வெடிப்பில் இடது பக்கத்துப் படகுகள் பல நொறுங்கின. மற்றவற்றை இறக்கப் பார்த்தால் இரும்புக் கைகள் துருவேறி, வண்ணத்தின்மேல் வண்ணம் பூசி, அசையாமல் நின்றன. கடைசியில் எட்டுப் படகுகள்தான் தண்ணீரைத் தொட்டன. அவையும் அளவுக்கு மீறி ஆள் ஏறியதால் நிரம்பியோ கவிழ்ந்தோ போயின.

கடல் சும்மா இல்லை. வீடு உயர அலைகள். நவம்பர் மாதக் குளிர். இருட்டிக்கொண்டு வருகிறது. வீரர்களுக்கு இடுப்பில் கட்டும் காற்றடைத்த மிதவைப் பட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அழுத்தினால் வாயு நிரம்பும். ஆனால் அதை அக்குளுக்கு அடியில் ஏற்றிக் கட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் சரியாகச் சொல்லித்தரப்படவில்லை. இடுப்பிலேயே கட்டிக்கொண்டு குதித்தவர்களில் பலர் தலைகீழாகக் கவிழ்ந்து அப்படியே இறந்தார்கள். காப்பாற்றுவதற்குக் கொடுத்த பொருளே கொன்றது. ஒரு நிமிஷப் பயிற்சிதான் வித்தியாசம்.

சுமார் ஒன்றரை மணி நேரத்தில் ரோனா மூழ்கியது. கேப்டன் மர்ஃபி கடைசியாக இறங்கியவர்களில் ஒருவர், அவர் பிழைத்தார்.

606 பேரைத் தூக்கிய கப்பல்

'பயனியர்' என்று ஓர் அமெரிக்கக் கண்ணிவாரிக் கப்பல் கூட வந்தது. 221 அடி நீளம், சுமார் நூறு மாலுமிகள். அந்தச் சின்னக் கப்பல் இருட்டில், அலையில், விளக்குப் போட்டால் எதிரி பார்ப்பான் என்ற பயத்துக்கு நடுவில், தண்ணீரில் கத்திக்கொண்டிருந்தவர்களை ஒவ்வொருவராகத் தூக்கியது. மொத்தம் 606 பேர்! தன் மாலுமிகளைப்போல் ஆறு மடங்கு.

அந்தக் கப்பலில் இருந்தவர்கள் பிற்காலத்தில் சொன்னவற்றைப் படித்தால் தூக்கம் வராது. கயிறு போட்டால் பிடித்துக்கொள்ள விரல் மடங்காத அளவுக்கு விறைத்துப்போன கைகள். எண்ணெய் பூசிய உடம்பு, பிடித்தால் வழுக்கும். அலை கப்பலைத் தூக்கிப் போடும்போது அடியில் மாட்டிக்கொண்டவர்கள். கைக்கு எட்டும் தூரத்தில் வந்து கை நழுவிப் போனவர்கள். 606 பேரைக் காப்பாற்றியவர்கள் பேசும்போது அந்த 606-ஐப் பற்றி அதிகம் பேசவில்லை. நழுவிப்போன கைகளைப் பற்றித்தான் பேசினார்கள்.

'கிளான் கேம்பெல்' என்ற சரக்குக் கப்பலும், 'ஆதர்ஸ்டோன்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலும், ஒரு இழுவைப் படகும் மற்றவர்களை மீட்டன. விடிந்தபோது கணக்கு இது. இறந்த அமெரிக்க வீரர்கள் 1,015 பேர். கப்பல் ஊழியர்கள் சுமார் 195 பேரில் நூறு பேருக்கும் மேல். மொத்தம் 1,100-ஐத் தாண்டியது. எதிரியின் ஒரே தாக்குதலில் நடுக்கடலில் அமெரிக்கா இத்தனை படைவீரர்களை இழந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

வாயை மூடு

இத்தனை பெரிய சாவு எப்படி வெளியே தெரியாமல் போனது? அரசு மறைத்தது, அவ்வளவுதான். வானொலியால் ஓட்டும் குண்டு வேலை செய்கிறது என்பது எதிரிக்கு உறுதியாகத் தெரியக்கூடாது, நாட்டு மக்களும் பயந்துவிடக்கூடாது என்று நினைத்தார்கள். பிழைத்தவர்களிடம் பேசக்கூடாது என்று உத்தரவு. குடும்பங்களுக்கு "காணவில்லை" என்று தந்தி. பிறகு "இறந்துவிட்டார்" என்று இன்னொரு தந்தி. எந்தக் கப்பல், எப்படி என்ற விவரம் இல்லை.

1944 பிப்ரவரியில் ஐரோப்பியக் கடலில் ஒரு கப்பல் மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்று மட்டும் அறிவித்தார்கள், கப்பலின் பெயரைச் சொல்லவில்லை. 1945-ல் பெயரும், ஜெர்மன் விமானம் தாக்கியது என்பதும் வெளிவந்தன. அப்போதும் அது என்ன குண்டு என்று சொல்லவில்லை. அதற்குள் உலகம் வேறு செய்திகளுக்குப் போய்விட்டது. பல தாய் தகப்பன்மார் பிள்ளை எப்படிச் செத்தான் என்று தெரியாமலே செத்துப்போனார்கள்.

1993-ல் ஒரு அமெரிக்க வானொலி நிகழ்ச்சியில் இந்தக் கதை வந்த பிறகுதான் பிழைத்தவர்கள் ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார்கள். சங்கம் அமைத்தார்கள். 1996-ல் அலபாமா மாநிலத்தில் ஃபோர்ட் மிட்செல் தேசியக் கல்லறையில் நினைவுக்கல் எழுப்பினார்கள். 2000-ம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் தீர்மானம் போட்டு அந்த வீரர்களைக் கௌரவித்தது. ஐம்பத்தேழு வருடம்! தாமதம்தான், ஆனாலும் வந்தது.

பேசாதவர்கள்

இந்தக் கதையை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். புத்தகங்கள் உண்டு, ஆவணப்படம் உண்டு, பேட்டிகள் உண்டு. அமெரிக்க வீரர் பேசுகிறார், கண்ணிவாரிக் கப்பல் மாலுமி பேசுகிறார், கேப்டனின் அறிக்கை இருக்கிறது. குண்டு போட்ட ஜெர்மன் விமானியின் பெயர்கூடத் தெரியும்.

பேசாதது ஒரே ஒரு கூட்டம். அந்தக் கப்பலைப் பதினேழு வருடம் ஓட்டியவர்கள்.

பேசவில்லை என்பதைவிட, யாரும் கேட்கவில்லை என்பதுதான் சரி. ஆனால் அவர்களைப் பற்றி மற்றவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். "இந்திய மாலுமிகள் முதலில் படகில் ஏறி ஓடிவிட்டார்கள்" என்பது பிழைத்த பலர் சொன்ன குற்றச்சாட்டு. கோபத்தோடு சொன்னது. அவர்களின் கோபத்தைக் குறை சொல்ல முடியாது. கண் முன்னால் நண்பன் செத்தவன் யாரையாவது திட்டத்தான் செய்வான்.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் சரிபார்க்க வேண்டாமா?

முதலாவது, உயிர்காப்புப் படகு தானாக ஓடாது. அலையில் அதைக் கப்பலிலிருந்து விலக்கித் துடுப்புப் போடத் தெரிந்தவர்கள் உள்ளே இருக்க வேண்டும். ஒவ்வொரு படகிலும் சில மாலுமிகள் ஏற வேண்டும் என்பது கப்பல்களில் வழக்கமான ஏற்பாடு. மேலே நிற்கும் வீரனுக்கு அது ஓட்டமாகத்தான் தெரியும். உத்தரவு என்ன, ஓட்டம் என்ன என்று அந்தப் புகையில் யார் பிரித்துப் பார்த்திருக்க முடியும்? ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாது என்பது வேறு.

இரண்டாவது, படகை இறக்கும் இரும்புக் கைகள் துருப்பிடித்துக் கிடந்தது யார் தவறு? பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குவது கம்பெனி. சோதித்துக் கையெழுத்துப் போடுவது அதிகாரிகள். கப்பல் போருக்குத் தகுதி என்று ஏற்றுக்கொண்டது அரசு. இந்த வரிசையில் கலாசி எங்கே வருகிறார்? கடைசியில். பழி மட்டும் முதலில் அவர் கணக்கில் ஏறியது.

மூன்றாவது, ஓடித் தப்பியவர்கள் என்றால் எண்ணிக்கையில் தெரிய வேண்டுமே? ஊழியர்களில் பாதிக்கும் மேல் இறந்திருக்கிறார்கள். வீரர்களும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் இறந்தார்கள். சாவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் எடுத்திருக்கிறது.

சிலர் பயந்து ஓடியிருக்கலாம், இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. பயப்படாமல் இருக்க அவர்கள் யார், சிலையா? ஆனால் 'சிலர் ஓடினார்கள்' என்பது 'இந்தியர்கள் ஓடினார்கள்' என்று ஆகிவிட்டது. திருத்திச் சொல்ல அவர்கள் பக்கத்தில் ஒருவரும் பேட்டி கொடுக்கவில்லை.

இறந்த பிறகும் வித்தியாசம் நிற்கவில்லை. போரில் இறந்து கடலோடு போன பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளுக்கு லண்டன் டவர் ஹில்லில் நினைவுச்சின்னம் இருக்கிறது. வெண்கலப் பலகைகளில் கப்பல் வாரியாகப் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. அதே போரில் அதே கடலில் போன இந்திய மாலுமிகளுக்கு பம்பாயிலும் சிட்டகாங்கிலும் நினைவிடங்கள். வணிகக் கப்பல் மாலுமிகள் மட்டும் சுமார் 6,000 பேர். அவர்களின் பெயர்கள் கல்லில் இல்லை, ஒரு பதிவுப் புத்தகத்தில் இருக்கின்றன. போய்க் கேட்டுத் திறந்து பார்த்தால்தான் தெரியும். ஒரே கப்பலில் செத்த அதிகாரியின் பெயர் வெயிலில் நிற்கிறது, கலாசியின் பெயர் மூடிய அட்டைக்குள் இருக்கிறது.

ரஜுலா திரும்பியது

ரஜுலாவுக்கு அதிர்ஷ்டம் இருந்தது. போர் முடிந்ததும் தப்பித்துத் திரும்பி வந்து பழைய வழித்தடத்திலேயே ஓடியது. சுதந்திரத்துக்குப் பிறகும் ஓடியது, மலேசியா தனி நாடான பிறகும் ஓடியது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி, அந்தமான் தீவின் ஊர் ஒன்றின் நினைவாக 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு ஆண்டே பம்பாயில் உடைத்துவிட்டார்கள். வயது 48.

அதனால்தான் ரஜுலா நம் வீடுகளில் இருக்கிறது. அதில் கடைசியாக வந்தவர்கள் சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், சொல்கிறார்கள். ரோனாவில் போன தமிழர்கள் 1940-க்கு முன்னால் போனவர்கள். பினாங்கில் இறங்கி, தோட்டத்துக்குப் போய், சிலர் திரும்பினார்கள், பலர் அங்கேயே மண்ணானார்கள். தாங்கள் பாய் விரித்துப் படுத்த அந்தத் தளம் அல்ஜீரியாவுக்கு வடக்கே கடலடியில் கிடக்கிறது என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

அந்தக் கப்பலில் அவர்களுக்குச் சோறு வடித்த பண்டாரி, நாகப்பட்டினத்தில் ஏணியில் கை கொடுத்துத் தூக்கிவிட்ட கலாசி, கீழே கரி அள்ளிப்போட்டு பினாங்கு வரை கொண்டுசேர்த்தவர். அவர்களில் யாராவது 1943 நவம்பரிலும் அதே கப்பலில் இருந்திருக்கலாம்.

வீட்டில் ரஜுலாவில் வந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். என்ன சாப்பாடு போட்டார்கள், எங்கே படுத்தார்கள் என்பதோடு நிறுத்தாமல், கப்பலில் வேலை செய்தவர்கள் எப்படி இருந்தார்கள், எந்த ஊர்க்காரர்கள், ஒருவர் பெயராவது ஞாபகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சொன்னால் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.